பிலோமினா அக்காவும் மதாமின் இரண்டு கீரிகளும்

பிலோமினா அக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் பாலேந்திரன். காலையில் தேநீர்க் கோப்பையோடு யன்னலடியில் நின்றபோது தொலைபேசி அடித்தது. மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் மகள் வீட்டில் நித்திரையிலேயே போய்விட்டார் என்றார். ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டம், மண்டபம் பிடித்தாயிற்று, நினைவு மலர் ஒன்றும் அச்சிடுகிறோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் காலத்து ஆள் நீர்தான் மிச்சம். ஒரு பக்கம் எழுதித் தாரும். பிராணிகளில நல்ல பாசம் வைச்சிருந்தவ எண்டு ஒரு வரி போடும், சனத்துக்குப் பிடிக்கும். லாசால் வீட்டுக் கதையை விடும். அது பழைய கதை."

செய்தி எழுதியே வயதானவன் நான். எதை விடச் சொல்கிறார்களோ அதைத்தான் முதலில் எழுதிப் பழக்கம். ஆகவே லாசால் வீட்டுக் கதையையே எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு திருத்தம். பிலோமினா அக்காவுக்குப் பிராணிகளில் பாசம் கிடையாது. அந்த இரண்டையும் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவரை அறிந்த நீங்கள் இதை நம்ப மாட்டீர்கள். நான் கூட இருந்து பார்த்தவன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி வழக்கு முடியாதவர்கள் நாங்கள். மொன்றியலின் லாசால் பகுதியில் மூன்றாம் மாடி வீடொன்றில் மூன்று பேர் சேர்ந்து இருந்தோம். பெரிய அறை பாலேந்திரனுக்கு, வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்ததால். கூடத்துச் சோபா எனக்கு. சின்ன அறை அக்காவுக்கு. மன்னாரில் தன் சின்னம்மாவிடம் விட்டு வந்த மகள் ஜெனிற்றா வந்தால் இருக்க ஓர் அறை வேண்டும் என்பதற்காகவே, தையல் ஆலையில் மேலதிக வேலை செய்து அந்த அறையைப் பிடித்து வைத்திருந்தார். கட்டிலின் சுவர்ப் பக்கத்தை மகளுக்கென்று விட்டு, விளிம்பில்தான் படுப்பார்.

எதிர் வீட்டில் ஒரு மதாம் தனியாக இருந்தார். முதிய கியூபெக் பெண்மணி. தெருமுனைத் தெப்பனேர் கடையிலிருந்து பாலும் பாணும் தூக்கி வந்து கொடுப்பது அக்காவின் வழக்கம். மதாம் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட அன்று, அம்புலன்ஸ்காரர் படுக்கையில் வைத்துப் படியால் இறக்கும்போது அக்காவின் கையைப் பிடித்துக் கூண்டைக் காட்டினார். ஒரு கிழமை, ஒரே ஒரு கிழமை என்று பிரெஞ்சில் சொன்னார். அக்கா "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். கூண்டுக்குள் இருந்தவை இரண்டு ஃபெரெட்டுகள். நீண்ட உடம்பு, குட்டைக் கால், மெல்லிய மஞ்சள் உரோமம். எங்கள் கண்ணுக்கு அவை கீரி. கடைசிவரை அப்படியே அழைத்தோம்.

நாலாம் நாள் வீடு நாறத் தொடங்கியது. பழைய எண்ணெயும் ஈரச் சாக்கும் சேர்ந்தது போன்ற ஒரு மணம். சுவரில் ஏறியது, என் சட்டையில் ஏறியது. பாலேந்திரன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சாப்பிட்டார்.

"அக்கா, உது கீரியோ, கக்கூசோ?"

"நீர் சப்பாத்தும் கால்மேசும் கழட்டி வைக்கிற மூலையை முதல்ல மணந்து பாரும், பாலேந்திரன். பேந்து கீரியைப் பற்றிக் கதைப்பம்."

அப்படிச் சொன்னாலும் அக்காவுக்கு மணம் தெரியாமல் இல்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியத்தை ஆரம்பித்தார். சனிக்கிழமை முழுக்கு. தேசிக்காய்ச் சாறும் சீயக்காய்த் தூளும் கரைத்துக் குளியல் தொட்டியில் இரண்டையும் அமுக்கித் தேய்த்தார். அவை அவருடைய பெருவிரலைக் கடித்துக் குதறின. ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் தேய்த்தார். குளித்த பிள்ளைக்குச் செய்வதுபோலச் சாம்பிராணிப் புகையும் காட்டினார். ஒன்று இருமியது. நெருப்பு எச்சரிக்கை மணி அலறி, மாடி முழுவதும் கதவைத் திறந்து பார்த்தது. மணம் குறையவில்லை. சனிக்கு ஒன்று போதாதென்று புதனும் குளிப்பாட்டினார். மணம் இரட்டிப்பாகியது. இன்னும் தேய்த்தார்.

இதில் நாங்கள் எவரும் சந்தேகப்படவில்லை என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். அழுக்கு என்றால் குளிப்பு, நாற்றம் என்றால் இன்னும் குளிப்பு. அதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கும் என்று எங்கள் எவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் நான் பிராணிகள் விற்கும் கடையொன்றுக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரப் பெண்ணின் முதற் கேள்வி, இனப்பெருக்கத் தடைச் சிகிச்சை செய்தவையா என்பது. செய்யாத ஆண் என்றால் மணம் தாங்க முடியாதாம். மதாம் இரண்டுக்கும் அதைச் செய்வித்திருந்தார். அடுத்த கேள்வி, எத்தனை நாளுக்கொரு தடவை குளிப்பாட்டுகிறீர்கள். சொன்னேன். அவர் கைவேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மணம் தோலின் எண்ணெயில் இருக்கிறது, கழுவக் கழுவத் தோல் உலர்ந்து இன்னும் அதிகமாகச் சுரக்கும், குளிப்பாட்டுவதை நிறுத்துங்கள், அவை படுக்கும் துணியைக் கழுவுங்கள் என்றார். வாசனைத் தெளிப்பான் வேண்டாம், புகை வேண்டவே வேண்டாம், அவற்றின் நெஞ்சு தாங்காது என்றும் சொன்னார்.

இதை அக்காவிடம் வந்து சொன்னேன். "அப்ப நான்தான் நாற வைச்சிருக்கிறன்" என்றார். அன்றே முறையை மாற்றினார்.

பழைய பிளானல் சட்டையொன்றை வெட்டி நான்கு தொட்டில்கள் தைத்தார். இரண்டு கூண்டில் தொங்கும், இரண்டு தோய்த்துக் காயும். மணமில்லாத சவர்க்காரம் மட்டும். ஃபெரெட் மூலையில்தான் மலங்கழிக்கும் என்பதைக் கவனித்து, இரண்டு மூலைகளிலும் தட்டு வைத்தார். காலையில் ஆலைக்குப் போகுமுன் தட்டைக் கொட்டிக் கழுவிப் புதுக் கடதாசி போடுவார். கூண்டின் தரையை ஈரத் துணியால் துடைப்பார். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துக் காது அழுக்கை எடுப்பார். மீன் கொடுப்பதை நிறுத்தினார். பனி கொட்டினாலும் அறை யன்னல் கொஞ்ச நேரம் திறந்திருக்கும்.

தட்டில் போட்ட கடதாசி நான் அப்போது இயந்திரத்தைக் கையால் சுற்றி அச்சடித்த மாத இதழின் விற்காத பிரதிகள்.

"தம்பி, உம்மட பேப்பர் நல்லா உறிஞ்சுது" என்றார் அக்கா.

"வாசகர் கூடிக்கொண்டு போகினம்" என்றார் பாலேந்திரன். அன்றுதான் அந்த வீட்டில் மூவரும் சேர்ந்து சிரித்தோம் என்று நினைக்கிறேன்.

சில வாரங்களில் மணம் போய்விட்டது. கூண்டருகே குனிந்தால் இலேசாக ஒன்று, அவ்வளவுதான். ஆனால் பாலேந்திரனுக்கு அது போகவில்லை. இருக்கிறது என்று ஒரு தடவை முடிவுசெய்த மூக்கு அவருடையது. மதாமும் திரும்பி வரவில்லை. முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

"ஆரோ ஒரு மனிசியின்ர சனியனை ஏன் நாங்கள் சுமக்க வேணும், அக்கா? கொண்டுபோய்க் குடுத்துத் துலையுங்கோ" என்று ஒரு நாள் கத்தினார்.

அக்கா தையலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ரெண்டு கிழமையில வந்திடுவன் எண்டுதான் நானும் என்ர பிள்ளையைச் சின்னம்மாவிட்டக் குடுத்திட்டு வந்தனான். ரெண்டு வருசமாச்சு. அவவும் உம்மைப் போலக் கதைச்சா நான் எங்க போறது?"

பாலேந்திரன் எழுந்து வெளியே போனார். எனக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. அந்தப் பெருவிரல்களில் எப்போதும் கடிகாயம். கீரிகளைத் தொடும்போது முகம் கோணும். ஒரு தடவைகூடக் கொஞ்சியதை நான் பார்க்கவில்லை. பொறுப்பெடுத்ததைப் பார்த்துக்கொண்டார், அவ்வளவே.

பனி உருகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, கட்டடத்தைப் பராமரித்த கொன்சியேர்ஜ் சொல்லாமல் வந்தார். மூக்கைச் சுருக்கியபடி அறை அறையாகப் போனார். அக்காவின் அறை வாசலில் நின்று ஆழமாக மூச்சிழுத்தார். கூண்டின்மேல் போர்வை. இரண்டும் தொட்டிலில் சுருண்டு நித்திரை. நாளின் பெரும்பகுதி அவற்றுக்கு நித்திரைதான். அங்கே அவருக்கு ஒன்றும் மணக்கவில்லை. குசினிக்கு வந்தார். அடுப்பில் பாலேந்திரன் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் வறுத்த மிளகாய்.

கொன்சியேர்ஜ் இருமினார். பிரெஞ்சில் நிறையச் சொன்னார். அதில் 'கறி' என்ற ஒரு சொல் எல்லோருக்கும் விளங்கியது. மற்றதை நான் மொழிபெயர்த்தேன். இந்த மணம் சுவரில் ஊறிவிட்டது, கட்டடச் சொந்தக்காரர் பொறுக்க மாட்டார், ஜூலை முதலாம் தேதி வீட்டை விட வேண்டும்.

"ஆர் முறைப்பாடு சொன்னது எண்டு கேளும்" என்றார் அக்கா.

கேட்டேன். கொன்சியேர்ஜ் வியப்போடு கையை நீட்டிப் பாலேந்திரனைக் காட்டினார். வீட்டில் தாங்க முடியாத மணம், வந்து பாருங்கள் என்று இவர்தானே வந்து சொன்னார்.

எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. பாலேந்திரன் அடுப்பைத்தான் பார்த்தார். அக்கா போய் அடுப்பை அணைத்தார். "கருகுது" என்றார். அதற்கு மேல் அந்த விடயம் பற்றி அவரோடு அக்கா பேசியதை நான் கேட்கவில்லை. அன்றும் இல்லை, பின்னரும் இல்லை.

வாடகைத் தகராறுகளை விசாரிக்க ஒரு சபை இருந்தது என்பதும், வாயால் சொல்லி எழுப்பிவிட முடியாது என்பதும் பிந்தித்தான் எங்களுக்குத் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் போயிருக்க மாட்டோம். அகதி வழக்குக்கு ஏதும் வந்துவிடும் என்ற பயம் எங்களை எல்லா வாசல்களிலும் நல்ல பிள்ளைகளாக நிறுத்தி வைத்திருந்த காலம் அது.

மொன்றியலில் ஜூலை முதலாம் தேதி பாதி நகரம் வீடு மாறும். தெருவெல்லாம் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும். பாலேந்திரன் லவாலில் மச்சான் வீட்டுக்குப் போனார். அக்காவுக்குப் பியர்பொன்ட்ஸில் ஒரு பங்களாவின் நிலவறை கிடைத்தது. பிள்ளை வந்தால் பரவாயில்லை, பிராணி கூடாது என்றார் வீட்டுக்காரி. மதாமிடம் கேட்டுவிட்டுத்தான் எதுவும் செய்வேன் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். முதியோர் இல்லத்தைத் தேடிப் போனோம். மதாம் பனிக்காலத்திலேயே இறந்துவிட்டிருந்தார். எதிர் வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

திரும்பும் பேருந்தில் அக்கா சொன்னார்: "உயிரோட இருந்தா 'ஏலாது, மன்னியுங்கோ' எண்டு சொல்லலாம். இனி ஆரிட்டச் சொல்லுறது?"

பிராணிகள் காப்பகத்துக்குக் கூண்டை நான் தூக்கினேன். பொறுப்பிலிருந்த இளம் பெண் ஒன்றை எடுத்துக் கழுத்தடியில் முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். வீட்டில் வைத்திருந்த ஃபெரெட் இப்படி மணமில்லாமல் வந்ததே இல்லை, என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அந்த லாசால் வீட்டுக்காரனுக்கு ஒருக்கா ரெலிபோன் எடுத்துச் சொல்லச் சொல்லும்" என்றார். பிறகு தொட்டில் தைத்த விதத்தை அந்தப் பெண்ணுக்குக் கையால் செய்து காட்டினார். இரண்டையும் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார். பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனிற்றா வந்தார். ஆனால் பல வருடங்களுக்குப் பிறகு, கட்டிலின் சுவர்ப் பக்கம் போதாத வயதில். விமான நிலையத்தில் அக்கா வேறொரு பெண்ணை நோக்கிக் கையசைத்துக்கொண்டிருந்தார். சரியான பெண்ணை நான்தான் காட்டினேன்.

பாலேந்திரனும் பின்னர் நல்ல நிலைக்கு வந்தார். வீடு வாங்கினார். பிறகு அதை விற்பதற்காக ஆட்களுக்குக் காட்டிய நாட்களில் கருவாடு பொரிக்கக் கூடாதென்று வீட்டாருக்குக் கட்டளை போட்டதாக அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் பேசுவார். பிராணிகளில் பாசம் வைத்தவர் என்பார். கைதட்டுவீர்கள்.

மிஞ்சியிருந்த தொட்டில் துணியொன்றை அந்த ஜூலையில் அக்கா எனக்குத் தந்தார். கமரா துடைக்க உதவும் என்றார். நான் துடைக்கவில்லை. எத்தனையோ வீடு மாறியும் அது என்னோடு வந்தது. செய்தி வந்த அன்று, தொலைபேசியை வைத்துவிட்டு, மேசை இலாச்சியைத் திறந்து அதை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒரு மணமும் இல்லை. தோய்த்துத்தான் தந்திருந்தார்.