ஊக்கத்துக்கு மார்க் போட்டவள்

கேள்வியம்மாவுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அப்படிப்பட்டவள் போய் உளவியல் படித்தது ஒரு கூத்து. படித்து முடித்துப் பளுதூக்கும் வீரர் ஒருவரைக் கட்டிக்கொண்டது அதைவிடப் பெரிய கூத்து. அவர் தூக்குவதை நிறுத்திப் பயிற்சியாளரானார். அதே விளையாட்டு விடுதியில் இவளுக்கும் வேலை கிடைத்தது. இவள் அறைக்கு அடுத்ததே பளுக்கூடம். அங்கே இரும்பு விழும்போதெல்லாம் இங்கே மேஜைமேல் தேநீர் தளும்பும். "மனசை அளக்கிற ரூமைக் கொண்டுவந்து இங்கயா வைப்பாங்க? காது இருக்கிற எவனாவது இதைச் செய்வானா?" என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் சொல்லத்தான் ஆளில்லை. கேள்வியம்மா என்பது வீரர்கள் வைத்த பெயர்.

அந்த வருடம் அணியில் ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. யாரை என்று பயிற்சியாளர்தான் சொல்ல வேண்டும். அவரோ சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்கிட்டதான் அந்த ஊக்க டெஸ்ட் இருக்கே. யாருக்கு ஆர்வம் கம்மியோ அவங்க கிளம்பட்டும்," என்றார்.

நாற்பது வாக்கியங்கள். 'பயிற்சி எனக்கு மகிழ்ச்சி தருகிறது', 'பதக்கம் வாங்கியே தீர வேண்டும் என்று நினைக்கிறேன்' என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 'துளியும் இல்லை' முதல் 'முழுக்க உண்மை' வரை ஐந்து கட்டங்கள். இதில் சரி, தப்பு கிடையாது, மனதில் இருப்பதைக் குறித்தால் போதும் என்று அவள் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள்.

சொல்லி என்ன பிரயோசனம்? போட்டி போட்டே பழகியவர்கள் இதை மட்டும் விட்டுவைப்பார்களா? ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து தாளை நீட்டி, "நான்தானே மேடம் ஃபர்ஸ்ட்டு?" என்றான். இன்னொருத்தி, "இதுல ரெக்கார்டு எவ்வளவு மேடம்?" என்று கேட்டாள். தாள்களைப் புரட்டினால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'முழுக்க உண்மை'. போட்டிக்கு முன் தூக்கம் வராது என்பதும் உண்மையாம், நிம்மதியாகத் தூங்குவேன் என்பதும் உண்மையாம். விசாரித்ததில், பயிற்சியாளர் எல்லோரையும் முன்கூட்டியே உட்காரவைத்து, எதுவாக இருந்தாலும் கடைசிக் கட்டத்தில் டிக் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"ஏங்க, உங்களுக்கு ஏதாவது இருக்கா தலைக்குள்ள? டெஸ்ட் வைக்கச் சொன்னதும் நீங்க, பிட் கொடுத்ததும் நீங்களா?"

"என் பிள்ளைங்க மார்க் கம்மியா வாங்கினா எனக்குத்தானே அசிங்கம்," என்று அவர் தலையைச் சொறிந்தார். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

மறுபடியும் வைத்தாள், அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு. இந்த முறை தாள்கள் ஓரளவுக்கு மனிதர்கள் எழுதியவை போல் இருந்தன, ஒன்றைத் தவிர. அணியிலேயே வயதில் மூத்தவள், விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து வந்து போகிறவள், எல்லோருக்கும் அக்கா, நாற்பதுக்கும் 'துளியும் இல்லை' என்று குறித்திருந்தாள். கேள்வியம்மா அவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

"என்னம்மா இது, யார் மேல கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல மேடம். மனசுல உள்ளதை எழுதச் சொன்னீங்க, எழுதினேன்."

"மகிழ்ச்சியும் இல்ல, பதக்க ஆசையும் இல்ல. அப்புறம் எதுக்கு தினம் வந்து இரும்போட மல்லுக்கட்டுற? இந்த மார்க்குக்கு உன்னைத்தான் அனுப்பப் போறாங்க, தெரியுமா?"

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. "அனுப்பிடாதீங்க மேடம்."

"அப்ப காரணத்தைச் சொல்லித் தொலையேன்!"

அக்கா காய்ப்புக் காய்த்த உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "வீட்ல அப்பா படுத்த படுக்கை. குளிக்க, புரண்டு படுக்க, எல்லாத்துக்கும் நான்தான் தூக்கணும். தம்பி பிள்ளைங்களும் என் தலையிலதான். ஆனா இங்க, எவ்வளவு கனமா இருந்தாலும், மேல தூக்கி ஆடாம நின்னா சார் 'போடு'ன்னு சொல்வாரு. உடனே போட்டுடலாம். வீட்ல யாருமே 'போடு'ன்னு சொல்றதில்ல மேடம்."

கேள்வியம்மாவுக்கு அழுகை வந்தாலும் எரிச்சலாகத்தான் வெளியே வரும். நாற்பது வாக்கியம் எழுதிய மேதாவிகளில் ஒருவருக்காவது இது தோன்றியிருக்கக் கூடாதா! தாளை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பளுக்கூடத்துக்குள் நுழைந்தாள்.

"யாரு கடைசி?" என்றார் பயிற்சியாளர்.

"அக்கா."

"நினைச்சேன்." அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "வயசாச்சு, முழங்காலும் போச்சு. நானே சொல்லணும்னுதான் பார்த்தேன், வாய் வரல. நல்லவேளை, உன் டெஸ்ட்டே சொல்லிடுச்சு."

"ஓகோ! உங்க வாய் பேச வேண்டியதை என் காகிதம் பேசணுமாக்கும்?" அக்கா சொன்னதை அவள் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். "இதுக்கு என்கிட்ட மார்க் கிடையாது. அனுப்பணும்னா நீங்களே சொல்லுங்க. இப்பவே, அவ முகத்தைப் பார்த்து."

அதற்குள் அக்காவும் பின்னாலேயே வந்திருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் கையில் சுண்ணப்பொடியைத் தேய்த்துக்கொண்டு, எடைத்தட்டுகள் மாட்டியிருந்த கம்பியைப் பிடித்தாள். மார்புவரை இழுத்து, ஒரு மூச்சு நிறுத்தி, தலைக்குமேல் தூக்கிவிட்டாள். முழங்கைகள் நேராக, கண்கள் பயிற்சியாளர் மேல். அவர் வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. அக்காவின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. அப்படியும் அவள் போடவில்லை.

"சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினாள் கேள்வியம்மா.

"போடு!"

இரும்பு தரையில் விழுந்து அதிர்ந்தது. அது அடங்குவதற்குள் அக்காவின் பைக்குள் ஃபோன் அடித்தது. வழக்கம்போல அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். பயிற்சியாளர் அவளை முந்திப் போய்ப் பையை எடுத்து மனைவி கையில் திணித்தார்.

"மேடம் பேசிக்குவாங்க. நீ இன்னும் ரெண்டு தட்டு ஏத்து," என்றார். பிறகு மனைவியைப் பார்க்காமலே, "மேலிடத்துல நான் பேசிக்கறேன்," என்றார்.

ஃபோனில் அக்காவின் தம்பி. "எவ்வளவு நேரமா அடிக்கிறேன்? அப்பா படுக்கையை நனைச்சுட்டாரு. எப்ப வருவே?"

"பயிற்சி முடிய நேரமாகும்," என்றாள் கேள்வியம்மா. "உங்க அப்பாவை நீ தூக்குப்பா."