நாய்க்கு முழுப்பேர்

கல்யாணமாகித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாள் முதல் என் மனைவி ஒரு தடவைகூட அரைப்பேர் வாங்கியதில்லை. பறித்த கொழுந்து எடை குறைந்தால் பாதி நாள்தான் வேலை செய்ததாகப் போடுவார்கள். அதற்குத்தான் அரைப்பேர் என்று பெயர். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அது. அதைக் கெடுத்தவன் நான், அதுவும் ஒரு நாயின் கழுத்துக்காக.

அப்போது எனக்குத் துரை பங்களாவில் வேலை. பூச்செடிக்குத் தண்ணீர், அடுப்புக்கு விறகு, அதற்குப் பிறகு நாய். மாவு மூட்டைக்கு நாலு கால் வைத்தது போல ஒரு புல்டாக். கழுத்து என்று ஒன்று இருப்பது அதற்கே தெரியாது. தோல் பட்டி போட்டிருந்தார்கள். எங்கள் மழையில் தோல் எங்கே காய்வது? ஊறி நாற்றமெடுத்து, சதை மடிப்புக்குள் புண் வைத்துவிட்டது. துரைசானி அதைப் பார்த்துக் கண் கலங்கினார். முதுகுக் கூடையைத் தலையில் மாட்டும் கயிறு அழுத்தி அழுத்தி என் மனைவிக்கு உச்சந்தலையில் முடியே இல்லை. அதற்குக் கண் கலங்க யாரும் இல்லை. நானும் கலங்கியதில்லை, பழகிப் போயிருந்தது.

ஹட்டனுக்குப் போய் நனையாத பட்டி ஒன்று வாங்கி வரச் சொன்னார்கள். அளவெடுக்க என்னிடம் டேப் கிடையாது. விடியற்காலையில் ஆணியில் தொங்கிய அவளுடைய கூடைக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிப்பதற்குள் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று நினைப்பு. நாய் நின்றால்தானே. அதைப் பிடித்து, கயிற்றைச் சுற்றி, அளவுக்கு முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது பெரட்டு கலைந்திருந்தது. பஸ்ஸும் வந்துவிட்டது. கயிற்றோடு ஏறிவிட்டேன்.

ஹட்டனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை. கயிற்றின் முடிச்சைப் பார்த்து, "என்ன தம்பி, மாட்டுக்கா?" என்றார். நாய் என்றதும் சிரித்துவிட்டு விவரமாகச் சொன்னார்.

"தோல் வேணாம், தண்ணியக் குடிச்சிட்டு நாறும். துணியும் அப்படித்தான். ரப்பர் பூசின பட்டி எடுங்க. அகலமா இருக்கணும், ஆனா மடிப்புல வெட்டக்கூடாது. ரெண்டு விரல் உள்ள போனாப் போதும். இதுக்குத் தலையும் கழுத்தும் ஒரே பருமன், லூசா விட்டா உருவிக்கிட்டு ஓடிரும்."

நல்ல பட்டியாகத்தான் எடுத்துக் கொடுத்தார். பக்கத்துக் கடையில் பித்தளைத் தகட்டில் நாயின் பேரை வெட்ட வேண்டும். துரைசானி துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்திருந்தது மூன்று சொல் நீளத்துக்கு ஒரு இங்கிலீசுப் பேர். வெட்டுகிறவர் அலுத்துக்கொண்டார்.

"பாதி போட்டாப் போதாதா?"

"இல்லைங்க, முழுப்பேரும் வேணும்" என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

சாயங்காலம் லயத்துக்குத் திரும்பினால் அவள் வாசற்படியில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றைப் பார்த்தாள்.

"நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்களா? பழைய சேலைத் துண்டக் கட்டிக்கிட்டுப் போனேன். மழையில அவுந்து கூடை கவுந்திருச்சு. கொழுந்து பாதி கானுத் தண்ணியில அடிச்சிட்டுப் போயிருச்சு. கணக்கப்பிள்ளை அரைப்பேரு போட்டுட்டாரு."

எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது. பட்டியை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் பட்டியை வாங்கித் தடவிப் பார்த்தாள். தகட்டில் விரல் நின்றது.

"என்ன எழுதியிருக்கு?"

"நாயோட பேரு."

"முழுசாவா?"

தலையை ஆட்டினேன். பட்டியை என் மடியில் வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்து, நான் போட்ட முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள், நானும் இழுத்தேன், வரவில்லை. மறுநாள் அந்த முடிச்சோடுதான் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.