தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு கை உப்பு

இந்தச் சித்திரையில் தீர்த்தமலைக்குக் கிளம்பியதற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. மலைமேல் பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் தலையைக் காட்ட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. காலை எட்டு மணிக்கு அரூரில் இறங்கினால், தீர்த்தமலைப் பேருந்து கண்ணெதிரே கிளம்பிப் போகிறது. என் ராசி அப்படி!

டீக்கடை ஓரம் ஒரு மினி லாரி நின்றது. பின்னால் ஒரு செவலைப் பசுவும், அதன் கழுத்தில் கை போட்டபடி ஒரு பெண்ணும். "மலைக்குத்தானுங்க? அம்பது ரூவா குடுங்க. மாட்டோட நிப்பீங்கன்னா ஏறிக்கங்க" என்றார் ஓட்டுநர். பதினாறு கிலோமீட்டர்தானே என்று ஏறிவிட்டேன்.

அந்தப் பெண் மாதம்மாள். பாப்பாரப்பட்டிப் பக்கம். மழை ஏமாற்றி, சோளத்தட்டு தீர்ந்து, போர்வெல் தண்ணீரும் உப்புக் கரிக்கிறதாம். மாட்டுத் தரகர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். "ஏழு மாச சினைங்க. இதப் போயி எப்பிடி விக்கறது? தங்கச்சி வூட்டுக் கெணத்துல தண்ணி நிக்குது. மழ பேயற வரைக்கும் அங்க இருக்கட்டும்னு கூட்டிட்டுப் போறனுங்க."

புளியமர நிழல்கள் எங்கள் மேல் விழுந்து விழுந்து விலகின. காய்ந்த காடுகளுக்கு அப்பால் கானலில் மலை தரையைத் தொடாமல் மிதந்தது. செவலையின் வெதுவெதுப்பான மூச்சு தோளில் பட்டுக்கொண்டே இருந்தது. நின்றபடியே தூங்கினேனா, விழித்திருந்தேனா, இப்போதும் தெரியவில்லை.

தங்கை வீடு அடிவாரத்துக்குச் சற்று முன்னால். தங்கை மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினார். செவலை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. புண்ணாக்கு கரைத்து வைத்தார்கள். ம்ஹூம். "மகாராணிக்கு இன்னும் என்ன வேணுமாம்?" என்று தங்கை திட்டியும் பார்த்தார். உச்சிவெயில் வந்துவிட்டது.

"தண்ணி குடிக்கலன்னா திருப்பி ஏத்திரலாங்க்கா. சினை மாடு, ஏதாச்சும் ஆயிட்டா?" என்றார் ஓட்டுநர். திரும்பிப் போனால் அங்கே தரகர். மாதம்மாள் வாளியில் தண்ணீர் மொண்டு மறுபடியும் செவலையின் வாயருகே நீட்டினார். எனக்கும் மலை ஏற மனசு வரவில்லை.

தாகம் தாளாமல் மாதம்மாள் குழாயில் கையேந்தி ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார். "என்னடி இது, தண்ணி சப்புனு இருக்குது?"

"நல்ல தண்ணி பின்ன எப்பிடிக்கா இருக்கும்?"

மாதம்மாள் செவலையைப் பார்த்தார். வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு கை கல்லுப்பு அள்ளி வந்து வாளித் தண்ணீரில் கலக்கினார். செவலை முகர்ந்தது, மூஞ்சியை உள்ளே விட்டது, வாளியின் அடி வரை உறிஞ்சித் தீர்த்தது. ஓட்டுநர் விசிலே அடித்துவிட்டார். மாதம்மாள் அதன் நெற்றியில் முகம் புதைத்து அழுதார்.

மலை ஏறினேனா? இல்லை. பாறை கொதித்தது, கீழிருந்தே கும்பிட்டேன். நீங்களாவது ஏழு மணிக்குள் அரூரில் இருங்கள். திரும்பும் பேருந்து நேரத்தை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீராவது வேண்டும்.

அதே வண்டியில்தான் அரூர் திரும்பினேன். ஓட்டுநர் காசு வாங்கவில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைக்கும்படி தங்கையிடம் சொல்லிவிட்டு வந்த மாதம்மாளுக்கு, பாதி வழியில் புதுக் கவலை. "நல்ல தண்ணி பழகிட்டா, அப்பறம் எங்க தண்ணியக் குடிக்குமாங்க?"

"மழை பெய்தால் உங்க தண்ணியும் நல்லாயிடுமேம்மா" என்றேன்.

மாதம்மாள் செவலை நின்றிருந்த காலி இடத்தைப் பார்த்தார். "ஆமால்லங்க... எங்க தண்ணியும் முன்னாடி சப்புனுதாங்க இருந்துச்சு" என்றார்.