நேர்ந்துகொள்ளாத பால்

எங்கள் வீட்டில் ‘சாமி இருக்கு’ என்றோ ‘சாமி இல்லை’ என்றோ சொல்லக் கூடாது. ‘எனக்கு இருக்கு’, ‘எனக்கு இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். மகள் பிறந்தபோது நானும் மனைவியும் செய்துகொண்ட ஏற்பாடு அது. அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள். நான் காரைக்குடியில் கரண்டு மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த ஒயரையும் நம்பாதவன். பிள்ளை இரண்டையும் பார்த்து வளரட்டும், தனக்கு எது உண்மையோ அதைத் தானே எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தோம். பேச்சுக்கு நன்றாகத்தான் இருந்தது.

அந்த ‘எனக்கு’ மகள் வாயில் ஒட்டிக்கொண்டது. “எனக்கு இந்தக் காபி சூடு” என்பாள். மழை வருமா என்று கேட்டால் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “எனக்கு வரும்” என்பாள். பல நாள் அவளுக்கு மட்டும் மழை வந்திருக்கிறது. நாங்கள் காய்ந்த தெருவைப் பார்த்தபடி அதையும் ஒப்புக்கொள்வோம்.

பத்தாவது படிக்கும்போது ஒரு பங்குனியில், மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றாள். காப்புக் கட்டிவிட்டாளாம், மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கப் போகிறாளாம். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையைச் சுதந்திரமாக வளர்க்கிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், ஒரு முழக் கயிற்றைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

“என்ன வெயில் அடிச்சாலும் குடத்துப் பால் திரியாதுன்னு சொல்றாக. நானே பாக்கணும்ப்பா” என்றாள். “ஆனா ஒண்ணை மட்டும் பாத்தா எப்படித் தெரியும்? சாமிக்கு நேர்ந்துக்காத பாலும் அதே வெயில்ல வரணும். நம்ம வீட்ல நம்பாத ஆளு நீங்கதான். தூக்குவாளில எடுத்துக்கிட்டுக் கூட வாரீகளா?”

எதையும் சோதித்துப் பார் என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான். வசமாக மாட்டிக்கொண்டேன். மனைவி அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் எனக்குள்ளே ஒரு பயம் இருந்தது. பால் திரிந்தால் யாரும் வெயிலைக் குறை சொல்ல மாட்டார்கள். சுமந்து வந்தவளிடம் ஏதோ சுத்தக் குறைவு என்பார்கள். அந்த வயதுப் பெண்ணின் காதில் அப்படி ஒரு பேச்சு விழுந்தால் ஆயுசுக்கும் போகாது.

ஒரே கறவைப் பாலை இரண்டாகப் பிரித்து ஊற்றினோம். குடத்தின் வாயில் மஞ்சள் துணி கட்டியதால் என் தூக்குக்கும் கட்டினாள்; இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமாம். அந்தக் கூட்டத்தில் செருப்போடு போக முடியாது. ஆகவே வெறுங்காலோடு, மஞ்சள் துணி கட்டிய தூக்கோடு நானும் நடந்தேன். பார்த்தவர்களுக்கு நான் யாராகத் தெரிந்திருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா?

வெயில் ஏறியது. எனக்கு முன்னால் குடங்கள் மிதந்து போயின. தலைகள் தெரியவில்லை, மஞ்சள் மட்டும் அலை அலையாகத் தெரிந்தது. தார் ரோடு கொதித்தது. வீட்டு வாசல்களில் பெண்கள் குடத்தோடு நின்று எங்கள் கால்களில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். யாரோ ஒரு அம்மா என் பாதத்தில் ஊற்றிவிட்டுக் கும்பிட்டாள். ‘நான் அந்த ஆள் இல்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது, சொல்லவில்லை. கொட்டுச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் நடந்தேன் என்று தெரியாது.

கோயில் நெருங்கும்போது துணியை விலக்கிப் பார்த்தேன். என் பால் திரிந்திருந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் நினைத்ததுதானே நடந்திருக்கிறது? ஆனால் நிமிர்ந்து மகளைத்தான் தேடினேன். முன்னால் அவளுடைய மெலிந்த கழுத்து, வியர்வையில் ஒட்டிய முடி. அவள் பால் மட்டும் திரியக் கூடாது, திரியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று கேட்காதீர்கள். அந்த நேரம் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

வாசலில் குடங்களை வாங்கி மளமளவென்று ஒரு பெரிய அண்டாவில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குடமும் போனது. “குடுங்கண்ணே” என்று என் தூக்கையும் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டார்கள். எது யாருடைய பால் என்று அதற்குமேல் யாராலும் சொல்ல முடியாது.

“உங்க பால் என்னாச்சுப்பா?” என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். “திரிஞ்சு போச்சுத்தா” என்றேன். “ஒன்னோடது?”

“தெரியல. ஊத்துறப்பக் கண்ணை மூடிக்கிட்டேன்.”

எதையும் தானே பார்க்க வேண்டும் என்கிறவள் அப்படிக் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. காலிக் குடத்தையும் தூக்கையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

வீட்டில் என் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். பால்குடம் எடுத்து வந்தவர்களிடம் எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

“என்னத்தா, சாமி வந்துச்சா?”

மகள் சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“சாமி வரல அத்தை. அப்பா வந்தாக.”