நீல முனை

என் மேஜை இழுப்பறையில் ஒரு பென்சில் கிடக்கிறது. ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். சிவப்புப் பக்கம் சீவிச் சீவிப் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. நீலப் பக்கம் வெகுகாலம் வந்தபடியே மொட்டையாக இருந்தது. எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சைப் பேப்பர் திருத்த முதன்முதலாகப் போனபோது, திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மார்க் போடவும் தப்பை அடிக்கவும் சிவப்பு. விடை சரியா தப்பா என்று சந்தேகம் வந்தால் நீலத்தால் ஓரத்தில் கோடு போட்டு, மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்த தலைமைப் பரீட்சகரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பதினொரு நாள் திருத்தினேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று வெகுகாலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. ஸ்ரீரங்கத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு நான் சரித்திரம் எடுத்தேன். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷனை இழந்து, பிறகு டிரெயினிங் படித்து வேலைக்கு வந்தவள். உத்தர வீதியில் ஒற்றை அறை, ஒற்றை அடுப்பு. எனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒன்றுதான்: என் பாடத்தில் யாரும் தோற்றதில்லை. கேள்வியையும் நானே சொல்லி, பதிலையும் நானே சொல்லி, நாற்பது தடவை ஒப்பிக்க வைப்பேன். அந்த வகுப்பறைச் சுவருக்குப் பரீட்சை வைத்திருந்தால் அதுகூடப் பாஸாகியிருக்கும். ஒப்பித்தது பெண்களின் மனசில் என்னவாகத் தங்கியது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவும் பயம்.

பூகோளம் எடுத்தவர் தென்னூரிலிருந்து பஸ்ஸில் வருவார். எல்லோருக்கும் அவர் பூகோள டீச்சர். அவர் வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரையும். சாயங்காலம் மணி அடித்ததும் நாங்கள் இருவரும் காவேரிப் பாலத்து முனை வரை சேர்ந்து நடப்போம். வழியில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கி, பிளந்து, பெரிய பாதியை என்னிடம் தருவார். அவர் பேசுவார், நான் கேட்பேன். பஸ் வந்து அவர் ஏறிப் போன பிறகு, மறுநாள் காலை வரை என்னோடு பேச யாரும் கிடையாது. அதனால் சில நாள் பஸ் தாமதமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டதுண்டு.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் பெண்களை மலைக்கோட்டைக்கு அழைத்துப் போனார். என்னையும் கூப்பிட்டார். எனக்குத் திருப்புதல் பாடம் இருக்கிறது என்று மறுத்துவிட்டேன். திரும்பி வந்த பெண்கள் வெயிலில் கன்றிப்போன முகத்தோடு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர், நம்ம ஊரைச் சுத்தித் தண்ணி. இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். மேலேர்ந்து பார்த்தாத்தான் தெரியறது" என்றாள் ஒருத்தி, கோயில் மடப்பள்ளியில் வேலை செய்பவரின் மகள். பிறந்ததிலிருந்து அந்த ஆறுகளில் குளித்த பெண் அவள். என் பாடத்தைப் பற்றிச் சொல்ல இப்படி ஒரு பெண்ணும் என்னிடம் ஓடி வந்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதற்கு வேறு பெயர் வைத்துப் பயனில்லை.

சரித்திரமும் பூகோளமும் ஒரே பேப்பர். திருத்தும் இடத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ ஒரு பேப்பர் வந்தது. 'தீவு என்றால் என்ன? ஓர் உதாரணம் தருக' என்பது கேள்வி, மூன்று மார்க். எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்த விடை: 'நாற்புறமும் கடலால் சூழப்பட்ட நிலம். உதாரணம்: இலங்கை.' அந்தப் பேப்பரில் இப்படி இருந்தது: 'சுற்றிலும் தண்ணீர் இருக்கும் நிலம் தீவு. அதில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. உயரத்தில் ஏறிப் பார்த்தால் தெரியும். உதாரணம்: எங்கள் ஊர்.'

யார் எழுதியது, யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பென்சிலைத் திருப்பிப் பிடித்து ஒரு கோடு இழுத்தால் போதும். தலைமைப் பரீட்சகர் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். என் பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு நான் பரிந்து பேசக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அச்சடித்த விடையில் கடல் என்றிருக்கிறது, இங்கே கடல் இல்லை. சிவப்பால் அடித்து ஒரு சைபர் போட்டேன். அன்று சாயங்காலம் பாலத்தைக் கடந்துதான் வீட்டுக்கு வந்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

எட்டாம் வகுப்பில் அந்தப் பெண் ஒருத்திதான் தோற்றாள், இரண்டு மார்க்கில். அவள் அப்பா படிப்பை நிறுத்தி, ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிட்டார். படிக்க வேண்டிய நாளில் மலை ஏற்றியதால் வந்த வினை என்று தலைமை ஆசிரியை எல்லோர் முன்னாலும் சொன்னார். பூகோள டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த மாதக் கடைசியோடு அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாளும் பாலத்து முனை வரை நடந்தோம். அன்று வெள்ளரிப் பிஞ்சு வாங்கவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவர் சொன்னார்: "என்ன எழுதினேன்னு அந்தப் பொண்ணு ஒரு வரி விடாம சொல்லிச்சு டீச்சர். அதைத் தப்புன்னு அடிச்சவங்க யாரோ, பாவம், இந்த ஊர்ல ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டாங்க."

நான் வருகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து, "உங்க ஒருத்தரைத்தான் எனக்கு விட்டுட்டுப் போக மனசில்லை. போயிட்டு வரேன்" என்றார். மதுரைப் பக்கமிருந்து இரண்டு கடிதம் போட்டார். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. மூன்றாவது கடிதம் வரவில்லை. அதற்குப் பிறகும் இருபது வருஷம் வேலை பார்த்தேன். யாரும் தோற்கவில்லை. பாலத்து முனைக்கு யாரோடும் நடக்கவுமில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் தனியாக மலைக்கோட்டை ஏறினேன். முழங்கால் விட்டுப்போயிற்று. மேலே நின்று வடக்கே பார்த்தேன். தென்னந்தோப்பும் கோபுரங்களும் நான் இத்தனை காலம் இருந்த வீதியும், எல்லாம் தண்ணீருக்கு நடுவில் இருந்தன. அந்தப் பெண் எழுதியதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. அழுகை வந்தது. பக்கத்தில் யாருமில்லாததால் அடக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். பென்சிலின் நீல முனையை முதல் தடவையாகச் சீவி, ஒரு தாளை எடுத்தேன். பழைய விலாசத்தில் அவர் இருப்பாரா, உயிரோடுதான் இருப்பாரா என்று தெரியாது. ஆனாலும் எழுதினேன். 'டீச்சர், அந்தப் பேப்பரைத் திருத்தியவள் இந்த ஊர்க்காரிதான்.'