கொளஞ்சியம்மாள் பூங்காவில் தேடியது

கொளஞ்சியம்மாள் எதற்கும் அஞ்சாதவள் என்றுதான் எலவனாசூர்கோட்டையில் பேர். கரும்பு வெட்டப் போன இடத்தில் தோகைக்கடியில் விரியனை மிதித்துவிட்டு, "அது போய்ட்டுது, நீங்க வேலையப் பாருங்கடி" என்றவள். அப்படிப்பட்டவளுக்கு ஆறு மாசமாகப் பயம் வயிற்றிலேயே குடியிருந்தது. புருஷன் அரங்கநாதன் முதலில் சாப்பிட்டதை மறந்து திரும்பவும் சோறு கேட்டார். பிறகு, "இது யாரு வூடு?" என்று கேட்டார். குவைத்தில் இருக்கும் மகன் பகலவன் போனிலேயே விசாரித்து, புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கிக் கொடுத்தான்.

காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். அதுவரை வெயிலில் எங்கே நிற்பது? ஆட்டோக்காரர்தான் தாவரவியல் பூங்காவைக் காட்டினார். "பிரெஞ்சுக்காரன் காலத்துத் தோட்டம்மா. உள்ள போனா நெழலுக்குக் கொறச்சலில்ல."

நிழல் இருந்தது. இவ்வளவு மரத்தை ஒரே இடத்தில் பார்த்ததில் அவளுக்குக் கொஞ்சம் மூச்சுகூட வந்தது. கழிப்பறை போகவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வைத்த பையை அரங்கநாதன் மடியில் வைத்தாள். "இதப் பத்திரமாப் பாத்துக்கய்யா. நான் வர்றதுக்குள்ள எழுந்திருக்காத." ஒப்படைத்த பொருளை விட்டு நகராத மனுஷன் அவர். அந்த நம்பிக்கையில்தான் போனாள்.

திரும்பி வந்தபோது பெஞ்சில் பை மட்டும் இருந்தது.

ஒரு நிமிஷம் வேறு பெஞ்சுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். பையைத் தொட்டுப் பார்த்தாள். அவர்களுடையதுதான். எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. "இந்தாய்யா! யோவ்!" என்று கத்தினாள். நாலு கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேரும் வேறு யாரோ.

வாசலுக்கு ஓடினாள். காவலாளி நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்க வூட்டுக்காரர் இப்பிடி வெளிய போனாராங்க? வெள்ள வேட்டி, பச்சத் துண்டு."

"இங்க வர்ற கெழவனுங்கள்ல பாதிப் பேரு வெள்ள வேட்டிதாம்மா. சண்ட கிண்ட போட்டீங்களா? கோச்சிக்கினு பஸ் ஏறியிருப்பாரு."

"அவுருக்கு ஊரு பேரு தெரியாதுய்யா. எம் பேரே தெரியாது."

காவலாளியின் கை நின்றது. "உள்ளேயே தேடும்மா. நான் இந்த வாசல வுட்டு நகர மாட்டேன்."

கைக்குள் போன் அதிர்ந்தது. பகலவன். எடுத்தால் முதல் வார்த்தையே 'அப்பா எங்க' என்றுதான் இருக்கும். எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது.

குழந்தைகள் ரயில் போகிற பாதை, கண்ணாடி வீடு, மூங்கில் புதர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தாமரைக் குளத்தை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. நல்லவேளை என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் வெளியே பஸ்கள் ஓடும் ரோடு ஞாபகத்துக்கு வந்தது.

அப்போதுதான் கால் சில்லிட்டது. நடைபாதையில் தண்ணீர் ஓடிவந்துகொண்டிருந்தது. தோட்டத்துக் குழாயை யாரோ திறந்துவிட்டிருந்தார்கள். ஆனால் தண்ணீர் கண்டபடி ஓடவில்லை. ஓரத்தில் மண்ணைக் கூட்டி, குதிகாலால் மூன்று மிதி மிதித்து அணை போட்டிருந்தது. மூன்றாவது மிதி கொஞ்சம் சாய்ந்திருந்தது. நாற்பது வருஷம் அடுத்தவர் கொல்லைகளுக்குத் தண்ணீர் கட்டிய கால் அது. அவளுக்குத் தெரியாதா?

ஈரத்தடத்தைப் பிடித்துக்கொண்டே ஓடினாள்.

பனைகளுக்குப் பின்னால் அரங்கநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூச்செடிப் பாத்திக்குக் கையால் மடை வெட்டிக்கொண்டிருந்தார். தோட்டக்கார அம்மா ஒருத்தி இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னாம்மா, உன் ஆளா? நான் போட்ட பாத்திய ஒடச்சிட்டு, எனக்கே வேல சொல்லிக்கினு கீறாரு!"

கொளஞ்சியம்மாள் அவர் தோளைத் தொட்டாள். "எழுந்திருய்யா, போலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் அவள் இல்லை. "நீ யாரு வூட்டு ஆளு? எங்க தண்ணி மொற இன்னும் முடியலியே."

பெஞ்சு காலியாக இருந்தபோதுகூட இப்படிப் பயப்படவில்லை. அழுதால் அவர் மிரண்டு ஓடிவிடுவார். நாக்கை நனைத்துக்கொண்டாள்.

"கீழக்கொல்லி ஆளுங்க. எங்க மொற வந்துட்டுது. மடய வுடுங்க."

"மண்வெட்டி எங்க? வெறுங்கைய வீசிக்கினு மொறைக்கு வர்றதா?"

"கையாலயே கட்டுவேன், பாருங்க." பையைத் தோட்டக்காரியிடம் கொடுத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். அவர் வெட்டிய மடையை மண் போட்டு அடைத்து, பக்கத்துப் பாத்திக்குத் திறந்தாள். அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். தண்ணீர் கசியவில்லை.

"ம். கசியாமக் கட்டிட்ட. இனிமே ஒன் பாடு." கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

தோட்டக்கார அம்மா குழாயை மூடிவிட்டுப் பையைக் கொடுத்தாள்.

அவர் கையைப் பிடிக்கப் போனாள். "யாரும்மா நீ, ஊரு பாக்குது!" என்று உதறினார். அதனால் இரண்டடி பின்னாலேயே, கண் இமைக்காமல் நடந்தாள். போன் மறுபடியும் அடித்தது. "பார்க்குலதாண்டா கீறோம். கவலப்படாத, மூணு மணிக்குக் கூப்புடு" என்றாள். அவன் மேலே கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

வாசலைத் தாண்டியதும் ஒரு பஸ் காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்தது. அரங்கநாதன் வெலவெலத்துப் பின்வாங்கி, கைக்கு அகப்பட்ட அவளுடைய முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாரென்று நினைத்துப் பிடித்தாரோ, அவள் கேட்கவில்லை. அப்படியே ரோட்டைக் கடந்தாள்.