கேட்காமல் போட்ட படம்

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நானே. ஒவ்வொரு ஜூனிலும் முதல் வகுப்பில் கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டேன். "யார் போட்டோவையும் அவங்களக் கேக்காம எங்கயும் அனுப்பக் கூடாது" என்று பிள்ளைகளை மூன்று தடவை சொல்ல வைப்பேன். அப்போது என் குரலில் இருக்கும் மிடுக்கைக் கேட்க வேண்டுமே! ஊருக்குத்தான் உபதேசம்.

ஒத்தக்கடையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். எக்செல்லில் நான் தப்புப் பண்ணினால் என்னையே திருத்துவாள். போன வருடம் அவள் பெரியவளானதற்குச் சடங்கு வைத்தார்கள். எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸ் இல்லாமல் ஒரு சடங்கா? பட்டுப்புடவையும் தலையில் கிரீடமுமாக அவளும், சுற்றிலும் கும்பிட்டபடி மாமன்மாரும் இருக்க, மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக ஒன்று நின்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராகப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். கிளம்பும்போது அந்த ஃப்ளெக்ஸைப் படமெடுத்து, 'என் செல்ல மாணவிக்கு வாழ்த்துகள்' என்று பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பாசத்தில்தான் போட்டேன். சாயங்காலமானால் அந்தப் போன்களெல்லாம் பிள்ளைகள் கையில்தான் இருக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

அவள் பள்ளிக்குத் திரும்பி வருவதற்குள் அவள் முகம் ஸ்டிக்கராகியிருந்தது. பையன்கள் எதற்கெடுத்தாலும் அதை அனுப்பிச் சிரித்திருக்கிறார்கள். அன்று முழுக்கப் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவள், மறுநாளிலிருந்து வரவில்லை. விஷயம் தெரிந்ததும் மூன்று பையன்களை நிற்க வைத்துக் கத்தினேன். அதில் ஒருவன் முணுமுணுத்தான்: "நீங்க போட்ட போட்டோதான மிஸ்." பளாரென்று கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. குரூப்பைத் திறந்து படத்தை அழித்தேன். அழித்து என்ன செய்ய?

அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா காபி கொடுத்தார். "இதுல என்ன டீச்சர் இருக்கு? நாங்களே ரோட்டப் பாக்க வச்சதுதான? ஸ்கூலுக்குப் போடின்னா கேக்க மாட்டேங்குறா. நீங்களாச்சும் சொல்லுங்க."

உள்ளறை வாசலில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"நீ வாம்மா. கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் நான் மன்னிப்புக் கேக்குறேன்" என்றேன்.

"வேணாம் மிஸ். நீங்க கேட்டீங்கன்னா, பாக்காதவங்களும் அது என்னான்னு தேடிப் பாப்பாங்க."

பதிமூன்று வயதுப் பிள்ளைக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. சமாளிக்கிற நினைப்பில், "அம்மாவும் உன்னயக் கேட்டு ஃப்ளெக்ஸ் வைக்கலயே" என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றும் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"கேக்கலதான் மிஸ். ஆனா அம்மாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலயே."

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் டி.சி. கேட்டு விண்ணப்பம் வந்தது. காரணம் என்ற இடத்தில் 'வீடு மாற்றம்' என்று அவள் அம்மா எழுதியிருந்தார். அவர்கள் எங்கும் மாறவில்லை. அதே வீட்டிலிருந்துதான் அவள் இப்போது வேறு பள்ளிக்குப் போகிறாள். தலைமையாசிரியை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லாமல் வகுப்பாசிரியர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.